கணிப்பு பலித்த பிறகும் பணம் ஏன் வரவில்லை?

கேள்வி: நானும் சி.ஏ. இன்டர் படிக்கும் என் மகனும், 2008 அமெரிக்க வீட்டுக் கடன் நெருக்கடியைப் பற்றிய ‘தி பிக் ஷார்ட்’ படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டோம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தோம், ஆனால் பாதிக்கு மேல் கணக்கு பிடிபடவில்லை. ஜனங்கள் வீட்டுக் கடன் தவணையைக் கட்டாமல் விட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியும், முதலீட்டு ஃபண்ட் நடத்தும் மைக்கேல் பாரி, வீட்டுக் கடன் பத்திரம் விழுந்தால் பணம் வரும் காப்பீடு மாதிரி வாங்கி வைத்த ஸ்வாப்பின் மதிப்பு ஏறவில்லை. அவர் பலகையில் மைனஸ் கணக்குத்தான் எழுதுகிறார். அது எப்படி? அடுத்தது, வீடும் அவருடையது இல்லை, கடனும் அவருடையது இல்லை, பிறகு எதற்குக் காப்பீடு? கடைசியில் பிளஸ் 489 சதவீதம் என்று எழுதுகிறார். அந்தப் பணம் யார் பையிலிருந்து வந்தது? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் முதல் கேள்விதான் அந்தப் படத்தின் உயிர்நாடி. அது பிடிபட்டால் மற்ற இரண்டும் தானாகப் புரிந்துவிடும். மகனை ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

முதலில் கடனைப் பார்ப்போம். கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாறு இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் கொடுத்த வீட்டுக் கடனுக்கு சப்பிரைம் என்று பெயர். அதில் அதிகம் விற்றது ‘2/28’ என்ற ரகம். மொத்தம் 30 வருடக் கடன். முதல் 2 வருடம் வட்டி மாறாது, மீதி 28 வருடம் சந்தை வட்டியோடு மாறும். 2,00,000 டாலர் கடன், ஆரம்ப வட்டி 7 சதவீதம் என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 1,330 டாலர். 2 வருடம் கழித்து வட்டி 10 சதவீதம் ஆனால் தவணை சுமார் 1,740. மாதம் 410 டாலர் கூடுதல். சம்பளம் ஏறாத குடும்பத்துக்கு அது மளிகைக் காசு.

வட்டி ஏன் ஏறியது? அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2004 ஜூன் முதல் 2006 ஜூன் வரை 17 தடவை உயர்த்தியதில் 1 சதவீதமாக இருந்த அடிப்படை வட்டி 5.25 ஆனது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே 2 வருடம் முடிவதற்குள் வேறு கடன் எடுத்து இதை அடைத்துவிடலாம் என்றே நினைத்தார்கள். வீட்டு விலை ஏறிக்கொண்டிருக்கும் வரைதான் அது நடக்கும். இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பாரி போட்ட கணக்கு பலிக்க வீட்டு விலை விழ வேண்டும் என்பதே இல்லை, ஏறாமல் நின்றாலே போதும். புதுக் கடன் கிடைக்காது, பழைய கடனின் தவணை குதிக்கும். 2005-இல் கொடுத்த கடனுக்கு அந்தக் கெடு 2007-இல் வருகிறது. அவர் கையில் இருந்தது ஜோசியம் இல்லை, காலண்டர்.

இனி கடன் பத்திரம். 2,00,000 டாலர் வீதம் 5,000 கடன்களை ஒன்றாகக் கட்டினால் 100 கோடி டாலர். அதை அடுக்குகளாகப் பிரித்து விற்பார்கள். விகிதம் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். கணக்குக்காக இப்படி எழுதிக்கொள்ளுங்கள். மேலே 80 சதவீதம் ட்ரிபிள் ஏ, அதாவது தரச்சான்று நிறுவனங்கள் தரும் மிக உயர்ந்த முத்திரை. அடுத்த 13 சதவீதம் டபிள் ஏ, சிங்கிள் ஏ. அதற்குக் கீழே வெறும் 3 சதவீதம் ட்ரிபிள் பி. அடியில் 4 சதவீதம், முதல் அடி வாங்குவதற்கென்றே இருக்கும் பகுதி. நஷ்டம் கீழேயிருந்துதான் மேலே ஏறும். ஆக நஷ்டம் 4 சதவீதத்தைத் தாண்டினால் ட்ரிபிள் பி கரைய ஆரம்பிக்கும், 7-ஐத் தொட்டால் முழுசாகக் காலி.

ஒருவர் கடன் கட்டவில்லை என்றால் முழுப் பணமும் போய்விடாது. வீட்டை ஜப்தி செய்து விற்றால் 100-க்கு 60 தேறும், 40 போகும் என்று வையுங்கள். அப்படியானால் 100 பேரில் 10 பேர் கட்டாமல் விட்டால் நஷ்டம் 4 சதவீதம், ட்ரிபிள் பி-க்கு இன்னும் ஒரு கீறல் இல்லை. 17 அல்லது 18 பேர் விட்டால் 7 சதவீதம், ட்ரிபிள் பி-யில் ஒரு டாலர் மிச்சம் இல்லை. பத்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில் முழுக் கதையும் முடிந்துவிடுகிறது. பாரி ஏன் இந்த மெல்லிசான அடுக்காகப் பார்த்துப் பொறுக்கினார் என்பது இப்போது தெரிந்திருக்கும். நல்ல தரச்சான்று இருப்பதால் அதன் மீது ஸ்வாப் மலிவாகக் கிடைத்தது. ஆனால் உடையும் இடமும் அதுதான்.

சரி, 2007 தொடக்கத்தில் ஜனங்கள் தவணையை நிறுத்திவிட்டார்கள். பத்திரம் அன்றைக்கே ஏன் விழவில்லை? இதைப் படம் ஓரிரு வசனத்தில் கடந்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு குடும்பம் ஜனவரித் தவணையைக் கட்டவில்லை. தவணை வசூலிக்கும் நிறுவனம் ஒன்று நடுவில் உண்டு, அதற்கு சர்வீஸர் என்று பெயர். விடுபட்ட தவணையைத் திரும்ப வசூலிக்க முடியும் என்று நம்பும் வரை, அதைச் சர்வீஸரே கைக்காசிலிருந்து பத்திரதாரர்களுக்குக் கட்டிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே பத்திரம் வைத்திருப்பவருக்கு வட்டி குறையாமல் வந்து சேர்கிறது. பத்திரத்தின் மாதாந்திர அறிக்கை பொதுவாக 25-ஆம் தேதியையொட்டி வெளியாகும். அதில் 30 நாள் நிலுவை, 60 நாள், 90 நாள், ஜப்தி நடவடிக்கை, ஜப்தியாகி விற்காமல் கிடக்கும் வீடு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். அந்தக் குடும்பத்தின் கடன் மாதாமாதம் ஒவ்வொரு பத்தியாக நகரும். வீடு விற்று முடிந்த பிறகுதான் கடைசிப் பத்தியில், அதாவது நஷ்டம் என்ற இடத்தில், எண் விழும். நீதிமன்றம் வழியாகத்தான் ஜப்தி என்ற சட்டம் இருக்கும் ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் இதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

ஸ்வாப் விற்றவர் பணம் தர வேண்டியது அந்தக் கடைசிப் பத்திக்குத்தான். அதாவது அறிக்கையின் நடுப் பத்திகள் தீப்பிடித்து எரியும்போதும் கடைசிப் பத்தி வெறிச்சென்று இருக்கும். பாரி நடுப் பத்திகளைப் படித்தார். சந்தை கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தது. கூடவே தரச்சான்று நிறுவனங்களும் அசையவில்லை. 2007 ஜூலை 10 அன்றுதான், ஒரே நாளில், எஸ் அண்ட் பி 612 அடுக்குகளைத் தரக்குறைப்புக்கான கண்காணிப்பில் வைத்தது, மூடிஸ் 399 அடுக்குகளின் தரத்தைக் குறைத்தது.

கண் பரிசோதனைக்கு மருந்து விட்டுக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் தரச்சான்று அதிகாரி அம்மாவின் காட்சி நினைவிருக்கும். அவர் சொல்லும் காரணம் நிஜமானது. சான்றுக்குக் கட்டணம் கொடுப்பது பத்திரத்தை விற்கும் வங்கி. கேட்ட சான்று இங்கே கிடைக்காவிட்டால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். நெருக்கடியை விசாரித்த அமெரிக்க ஆணையம் 2011-இல் தந்த அறிக்கைப்படி, 2006-இல் மூடிஸ் மட்டும் வேலை நாள் ஒன்றுக்கு 30 அடமானப் பத்திரங்களுக்கு ட்ரிபிள் ஏ கொடுத்தது. அந்த வருடத்து ட்ரிபிள் ஏ-க்களில் 83 சதவீதம் பிறகு தரம் இறக்கப்பட்டது.

இப்போது விலை. பங்கு என்றால் பரிவர்த்தனை நிலையத்தின் திரையில் விலை ஓடும். இந்த ஸ்வாப்புக்கு அப்படி ஒரு திரை கிடையாது. இன்றைக்கு என்ன விலை என்று கேட்டால் பதில் சொல்வது அதை உங்களுக்கு விற்ற அதே வங்கி. அந்த வங்கியின் கிடங்கில் விற்காத அடமானப் பத்திரம் மலையாகக் கிடக்கிறது. உங்கள் ஸ்வாப் மதிப்பு ஏறிவிட்டது என்று அது ஒப்புக்கொண்டால், தன் சரக்கின் மதிப்பு இறங்கிவிட்டது என்று தன் கையாலேயே எழுதித் தருவதாகும். எழுதுமா?

படத்தில் இதற்கு ஒரு காட்சி உண்டு, நாலாவது தடவை பார்க்கும்போது அங்கே நிறுத்திப் பாருங்கள். இழுத்தடித்துக்கொண்டிருந்த கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி திடீரென்று தானாகவே பாரிக்குப் போன் செய்து சரியான விலை போடத் தயார் என்கிறது. நீங்களும் உங்கள் சரக்கை விற்றுவிட்டு என் பக்கம் வந்துவிட்டீர்கள், அதனால்தான் இப்போது நிஜ விலை சொல்கிறீர்கள் என்ற பொருளில் பாரி பதில் சொல்கிறார். உங்கள் முதல் கேள்விக்கு முழு விடையும் அந்தப் போன் பேச்சில் இருக்கிறது. விலை போடுகிறவருக்கு லாபம் வரும் பக்கம் மாறியதும் விலையும் மாறியது.

ஒரு திருத்தம். சந்தையில் எந்த அறிகுறியும் இல்லை என்ற எண்ணம் படத்தால் வருகிறது. 2006 ஜனவரியிலேயே சப்பிரைம் பத்திரங்களுக்கென்று ஏ.பி.எக்ஸ். என்ற குறியீடு வந்துவிட்டது. அதன் ட்ரிபிள் பி பகுதி 2007 பிப்ரவரியில் கடுமையாகச் சரிந்து, பிறகு கொஞ்சம் தேறி, ஜூனில் பியர் ஸ்டெர்ன்ஸ் வங்கியின் இரண்டு ஹெட்ஜ் ஃபண்டுகள் தள்ளாடியபோது மறுபடி விழுந்தது. அசையாமல் நின்றது, இந்த ட்ரிபிள் பி துண்டுகளைக் கட்டிச் செய்த சி.டி.ஓ.க்களின் விலைதான். அதுதான் வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த மைனஸ் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் போட்டுவிடுவோம். 10 கோடி டாலர் ட்ரிபிள் பி மீது வருடத்துக்கு 2 சதவீத பிரீமியம் என்றால் 20 லட்சம் டாலர் வெளியே போகும். பலித்தால் 10 கோடி வரை வரும். காகிதத்தில் பார்த்தால் 50 வருடம்கூடக் காத்திருக்கலாம் போலத் தோன்றும். ஆனால் படத்தில் பாரி வாங்கியது 130 கோடி டாலர் அளவுக்கு. 2 சதவீதம் என்றாலே வருடத்துக்கு 2.6 கோடி போகும். இது மாதாமாதம் ரத்தம் கசிவது போல. அதற்கு மேல் வங்கி போடும் விலை பாதகமாக இருந்தால் பிணையும் கூட வைக்கச் சொல்வார்கள். ஃபண்டில் பணம் போட்டவர்கள் வேறு திருப்பிக் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் ஸ்வாப்பை விற்க வேண்டும், விற்றால் அந்தப் பொய் விலைக்குத்தான் போகும். பணத்தை எடுக்க விடாமல் பாரி பூட்டியது அதனால்தான். முதலீட்டாளர்களின் கோபமும் நியாயம், அவர் செய்ததும் அந்தக் கணக்குப்படி சரி. இந்த இரண்டையும் படம் ஒரே காட்சியில் வைத்திருப்பதை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன்.

இதையொட்டி இன்னொரு தகவல். படத்தில் அவர் முதலில் கோல்ட்மேன் சாக்ஸுக்குப் போகிறார். நிஜத்தில் 2005 மே மாதம் அவர் முதல் ஸ்வாப்பை வாங்கியது டாய்ச்ச பேங்கிடம். ஆறு பத்திரங்கள், ஒவ்வொன்றிலும் 1 கோடி டாலர், ஆக 6 கோடி.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகன் காப்பீட்டுச் சட்டத்தில் படித்திருப்பார். ஒரு பொருள் அழிந்தால் எனக்கு நஷ்டம் என்றால்தான் அதற்கு நான் காப்பீடு எடுக்க முடியும், பக்கத்து வீட்டு ஓலைக் கூரைக்கு நான் எடுக்க முடியாது. பாரி வாங்கிய ஸ்வாப்பின் முழுப் பெயர் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப். அது காப்பீட்டைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் சட்டப்படி அது காப்பீடு இல்லை. அமெரிக்காவில் 2000-இல் வந்த ஒரு சட்டம் இந்த மாதிரி ஒப்பந்தங்களைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது, மாநிலச் சூதாட்டச் சட்டமும் தொட முடியாதபடி செய்தது. அதனால் இரண்டு விளைவு. பத்திரமே இல்லாதவரும் அதன் மீது ஸ்வாப் வாங்கலாம். விற்கிறவர், காப்பீட்டு நிறுவனம் போல, ஈட்டுத் தொகைக்கென்று பணம் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. (நம் ரிசர்வ் வங்கி 2011-இல் இதை இங்கே அனுமதித்தபோது, கையில் பத்திரம் இருப்பவர்தான் பாதுகாப்புக்காக வாங்கலாம் என்று கட்டுப்பாடு வைத்தது.)

மீன் சூப் காட்சியும் சூதாட்ட மேசைக் காட்சியும் இங்கேதான் வருகின்றன. விற்காத பழைய மீனைச் சூப்பில் போட்டுப் புதுப் பதார்த்தமாக்குவது போல, விலை போகாத ட்ரிபிள் பி துண்டுகளைக் கட்டி சி.டி.ஓ. ஆக்கினார்கள் என்று சமையல்காரர் ஆந்தனி போர்டெய்ன் காட்டுகிறார். அழகான உவமைதான். ஆனால் ஒரு முக்கியமான விஷயம் அதில் விடுபடுகிறது. 100 ட்ரிபிள் பி துண்டுகளைக் கட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் கெடாது என்று சொல்லித்தான், அந்தக் கட்டின் பெரும்பகுதிக்கு மறுபடி ட்ரிபிள் ஏ வாங்கினார்கள். மேலே நாம் போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் 10 பேருக்கும் 18 பேருக்கும் நடுவில் பூஜ்யமாகிறது. எல்லாத் துண்டிலும் அதே ரகக் கடன், அதே வருடம், அதே 2/28. ஒன்று போகும் நாளில் நூறும் போகும். அசல் பத்திரத்தின் ட்ரிபிள் ஏ உடைய, 40 சதவீத நஷ்டக் கணக்கிலேயே, 100-இல் 50 பேர் கடனை விட வேண்டும். சி.டி.ஓ.வின் ட்ரிபிள் ஏ உடைய 18 பேர் போதும். இரண்டுக்கும் ஒரே முத்திரை. மகனுக்கு இந்த ஒரு வரி புரிந்தால் பாதிப் படம் புரிந்தது.

பொருளாதாரப் பேராசிரியர் ரிச்சர்ட் தேலரும் பாடகி செலினா கோமஸும் சீட்டாடும் மேசை, அடுத்த கட்டம். செலினா கையில் இருக்கும் சீட்டின் மீது பின்னால் நிற்பவர் பந்தயம் கட்ட, அந்தப் பந்தயத்தின் மீது இன்னொருவர் கட்டுகிறார். சிந்தெடிக் சி.டி.ஓ. என்றால் அதுதான். அதற்குள் புதுக் கடன் ஒன்றுகூட இல்லை, பாரி போன்றவர்கள் வாங்கிய ஸ்வாப்பின் மறுபக்கம் இருக்கிறது. அவர் கட்டும் பிரீமியம்தான் அதை வாங்கியவருக்கு வட்டியாகப் போகிறது. ஒரே ட்ரிபிள் பி துண்டு பல சி.டி.ஓ.க்களுக்குள் உட்கார முடிந்தது இதனால்தான். வீடு ஒன்று இடிந்தால் பத்துப் பேர் தலையில் ஓடு விழும். வீட்டுக் கடன் நஷ்டத்தைவிட வங்கிகளின் நஷ்டம் பெரிதாகத் தெரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது கேள்வி. அந்த 489 சதவீதத்தை நிறையப் பேர் இந்த ஒரு பந்தயத்தில் வந்த லாபம் என்றே நினைக்கிறார்கள். அது பாரியின் சயன் கேபிடல் ஃபண்ட் 2000 நவம்பரில் தொடங்கியதிலிருந்து 2008 ஜூன் வரை, கட்டணம் போக, ஈட்டிய மொத்த லாபம். அதற்கு முன் பங்குகளில் சம்பாதித்ததும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஸ்வாப்பில் வந்த பணம் வானத்திலிருந்து வரவில்லை, மறுபக்கம் இருந்தவர் ஒவ்வொரு டாலரையும் எண்ணிக் கொடுத்தார். மறுபக்கத்தில் சிந்தெடிக் சி.டி.ஓ. வாங்கிய முதலீட்டாளர்கள், விற்காமல் தேங்கிய சரக்கோடு மாட்டிய வங்கிகள், ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனம் போன்றவர்கள் இருந்தார்கள். ட்ரிபிள் ஏ சி.டி.ஓ.க்களுக்கு உத்தரவாதம் கொடுத்த ஏ.ஐ.ஜி., பிணை வைக்கப் பணமில்லாமல் நின்றபோது, 2008 செப்டம்பர் 16 அன்று ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. லேமன் பிரதர்ஸ் வங்கி அதற்கு முந்தின நாள்தான் திவால் மனு கொடுத்திருந்தது.

கொடுக்க வேண்டியவரே விழுந்தால் ஜெயித்தவருக்கும் பணம் கிடைக்காது. படத்தில், பாரியைப் போலவே ஸ்வாப் வாங்கிய இரண்டு இளைஞர்களுக்காக முன்னாள் வங்கியாளர் பென் ரிக்கர்ட் இங்கிலாந்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து போனிலேயே ஸ்வாப்களை விற்பது இந்தப் பயத்தில்தான். அவர்களுடைய ஸ்வாப்பில் பெரும்பகுதியை விற்றிருந்தது பியர் ஸ்டெர்ன்ஸ். 2008 மார்ச்சில் அதுவே ஜே.பி. மார்கனிடம் போய்ச் சேர்ந்தது. 8 கோடி டாலரோடு அவர்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள்.

கடைசியாக மகனுக்கு ஒரு கணக்கு. படத்தில் இதே பந்தயம் கட்டும் இன்னொருவரான மார்க் பாமின் ஃபண்ட், மார்கன் ஸ்டான்லி வங்கிக்குச் சொந்தம் என்று படத்தில் வரும். அந்த வங்கிக்குள்ளேயே ஒரு குழு, பாரியைப் போலவே, ட்ரிபிள் பி விழும் என்று சரியாகக் கணித்து, சுமார் 200 கோடி டாலருக்கு ஸ்வாப் வாங்கி வைத்திருந்தது. பிரீமியம் கட்டுவது அவர்களுக்கும் வலித்தது. 2 சதவீதம் என்று வைத்தால் வருடம் 4 கோடி. அந்தச் செலவை ஈடுகட்ட, ஒருபோதும் விழாது என்று நம்பிய ட்ரிபிள் ஏ சி.டி.ஓ.க்களுக்கு உத்தரவாதம் விற்றார்கள். அதில் கிடைக்கும் பிரீமியம் மிகச் சிறிது, 0.25 சதவீதம் என்று வையுங்கள். வருடம் 4 கோடி வர எத்தனை டாலருக்கு விற்க வேண்டும் என்று அவரையே போடச் சொல்லுங்கள். 1,600 கோடி வரும், அந்தக் குழு நிஜத்தில் விற்றதும் ஏறத்தாழ அவ்வளவுதான். சி.டி.ஓ.வின் ட்ரிபிள் ஏ உடைய எத்தனை பேர் போதும் என்று மேலே பார்த்தோமே, அதே கணக்கில் அது உடைந்தது. கணிப்பு சரியாக இருந்த அந்தக் குழுவால் மார்கன் ஸ்டான்லிக்கு வந்த நஷ்டம் சுமார் 900 கோடி டாலர்.